பள்ளிக்கூடத் தோட்டமும் சத்துணவு அடுப்பும்

மலர்க் குழு நண்பர்கள் தொலைபேசியில் அழைத்து, "கல்லூரி நினைவு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், பெங்களூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு சினிமாவுக்குப் போன கதைகளையும் மற்றவர்கள் எப்படியும் எழுதிவிடுவார்கள். நான் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்ற பொதுக்குழுவில் நம் சங்கத்தின் சார்பில் ஓசூர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைக்கலாம், தற்போது படிக்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு 1982-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கம் போயிற்று.

அந்த வருஷம் நாங்கள் ஐம்பது பேர், ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் பத்து நாள் முகாம் போட்டோம். அரையாண்டு விடுமுறை. பள்ளிக்கூட வகுப்பறையிலேயே படுக்கை. அந்த ஜூலை 1-ஆம் தேதிதான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்திருந்தார். அந்தப் பள்ளியிலும் ஓரமாக ஒரு கூரைக் கொட்டகை, அதில் மூன்று கல் அடுப்பு. நாங்கள் பள்ளிக்குப் பின்னால் கிடந்த கரட்டு நிலத்தைக் கொத்தி, பாத்தி கட்டி, கீரை விதைத்து, கத்தரியும் தக்காளியும் நட்டோம். ஓரத்தில் முருங்கைப் போத்து ஊன்றினோம். ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையிலும் ஓடி வந்து தண்ணீர் ஊற்றினார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம். எங்களிடம் மட்டும் தமிழ். கடைசி நாள் விழாவில் தலைவர் பேசினார், நாங்கள் பாட்டுப் பாடினோம், லாரியில் ஏறி வந்துவிட்டோம்.

அடுத்த ஜூனில் நானும் இன்னொரு நண்பனும் பார்க்கப் போனோம். 1983 கோடை எப்படிப்பட்ட கோடை என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும்; சென்னைப் பட்டணமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. தோட்டம் இருந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கையும் நாலு காய்ந்த குச்சியும் இருந்தன. சரி, அந்தக் கதையின் மீதியைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பள்ளித் தோட்டம் என்கிற யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் இது நம் பொதுக்குழு கண்டுபிடித்தது அல்ல.

ஆஸ்திரியாவில் 1869-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டமே கிராமப் பள்ளிகளுக்குத் தோட்டம் வேண்டும் என்றது. முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கா பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துத் 'தோட்டப் படை' என்றே ஒன்று நடத்தியது. பக்கத்தில் இலங்கையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளித் தோட்டங்களுக்கென்று தனியாக ஒரு கண்காணிப்பாளரை நியமித்திருந்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு தத்துவமே வந்தது 1937 அக்டோபரில். வார்தாவில் காந்திஜி கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவில் வைத்துப் பாடங்களை அதைச் சுற்றிச் சொல்லித் தருவது என்று முடிவாயிற்று. பிறகு ஜாகிர் உசேன் குழு தந்த திட்டத்தில் நூற்பு, நெசவு, தச்சு இவற்றோடு காய்கறி பழத் தோட்டமும் ஒரு கைத்தொழிலாக இடம் பெற்றது. இதைச் சேவாகிராமத்தில் கட்டிக் காத்தவர் ஒரு தமிழர், யாழ்ப்பாணத்துக்காரரான ஆரியநாயகம். அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும் ஆதாரக் கல்விக்கே தங்கள் வாழ்க்கையைக் கொடுத்தவர்கள். தமிழ்நாட்டில் 1947-இல் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் அதே வழியில் வந்தது.

ஆனால் அந்த வார்தா மாநாட்டிலேயே ஒரு முணுமுணுப்பும் இருந்தது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்று காந்திஜி சொன்னபோது, பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா எழுந்து எதிர்த்தார். பள்ளிக்கூடம் பட்டறையாகிவிடக் கூடாது என்பது அவர் பயம். அந்தப் பயம் பதினாறு வருஷம் கழித்து நம் மாநிலத்தில் பெரிய புயலாக அடித்தது. அதைக் கிளப்பியவர் யார் என்றால், நம் ஊர்க்காரர்!

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, ஓசூரில் பள்ளிப்படிப்பும் பெங்களூரில் கல்லூரிப் படிப்பும் படித்த ராஜாஜி, 1953-இல் முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளி. மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். அவர் தரப்பில் நியாயங்கள் சொன்னார்கள்: கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, இரண்டு முறையாக நடத்தினால் இரட்டைப் பங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று. ஆனால் பெரியார் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; காரணத்தோடுதான் ஒட்டியது. அப்பன் செருப்புத் தைத்தால் மகனும் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராஜர் வந்தார். வந்த கையோடு அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று தம்பி தங்கைகள் கேட்கலாம். எங்கள் முகாமில் நாலாவது நாள் ஒரு பெரியவர் வந்து நின்றார். கூலி விவசாயி. தன் பையன் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் சார், மண்வெட்டி பிடிக்க எங்க ஊட்ல சொல்லித் தர முடியாதா? அது வேணாம்னுதானே இங்க அனுப்பறேன்?" எங்களிடம் பதில் இல்லை. 'உடல் உழைப்பின் மகத்துவம்' என்று எங்கள் தலைவன் எதையோ ஆரம்பித்தான். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் போன பிறகு தண்ணீர் தூக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று பிற்பாடு விசாரித்தோம். எல்லாப் பிள்ளைகள் தலையிலும் சமமாக விழவில்லை. காலனியிலிருந்து வந்த பிள்ளைகள் அதிகம் சுமந்தார்கள். தோட்டம் வைத்துக் கொடுத்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம்.

சரி, வரலாற்றுக்குத் திரும்புவோம். குலக்கல்வியை எடுத்த காமராஜர், 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். இதுவும் வெறுமனே முளைத்ததல்ல, 1920-லேயே பிட்டி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது, ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் என்று. காமராஜர் அதை மாநிலம் முழுக்கப் பரப்பினார். அன்று கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், அரசு ஒரு பங்கு போட்டால் ஊர் ஒரு பங்கு போட வேண்டும் என்று கேட்டு வாங்கினார். 1958-இல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கு 'தன்னார்வலர்' என்கிறோமே, அன்றைக்கு அதற்கு 'ஊர்' என்று பெயர்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். வார்தா திட்டத்தில் உழைப்பும் உணவும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. காமராஜர் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிள்ளையே, நீ சாப்பிடு. அதற்காக நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம், படித்தால் போதும் என்றார். என் அபிப்பிராயத்தில் இந்த நூற்றாண்டுக் கதையில் இதுதான் பெரிய காரியம். ஆனால் அதன் பக்க விளைவாக, நம் பள்ளிகளில் அடுப்பு ஒரு பக்கமும் தோட்டம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து போயின. 1961 முதல் அமெரிக்க 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் மாவும் வந்தபோது அடுப்புக்குத் தோட்டம் தேவையே இல்லாமல் போயிற்று. அறுபதுகளில் யுனிசெஃப் உதவியோடு நாடெங்கும் செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்து, விதை, பம்பு, கோழி எல்லாம் கொடுத்துப் பள்ளித் தோட்டங்களை வளர்க்கப் பார்த்தது. 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 1973-இல் 'பஞ்சத்துக்கு எதிராக இளைஞர்' என்று முகாம்கள். அந்த வரிசையில் வந்த கடைக்குட்டிகள்தான் நாங்கள். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கொத்திற்று. ஒவ்வொரு தலைமுறையும் லாரியில் ஏறிப் போயிற்று.

இந்த இடைக்காலத்தில் நம் பகுதியே மாறிவிட்டது. எழுபதுகளின் நடுவில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் லாரித் தொழிற்சாலை, மொபெட் தொழிற்சாலை, பிறகு கைக்கடிகாரத் தொழிற்சாலை. கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்த மேட்டு நிலங்களில் ஷெட்டுகள் எழுந்தன. இன்னொரு பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் பசுமைக் குடில்களில் ஏறி உட்கார்ந்தன. ராயக்கோட்டைத் தக்காளி லாரி லாரியாகப் போகிறது. இத்தனை காய்கறி விளையும் பூமியில் பள்ளிக்கூடச் சாம்பாரில் காய் தேட வேண்டியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் நியாயமான கேள்விதான். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான பிறகு பள்ளிகளுக்குக் கட்டடம் வந்தது, மதில் வந்தது. 2014 ஏப்ரல் முதல் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்றான பின், ஒரே நிறத்தில் பனியன் போட்ட தொண்டர்கள் சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறார்கள். காலையில் நடுகிறார்கள், மத்தியானம் போட்டோ எடுக்கிறார்கள், சாயங்காலம் போய்விடுகிறார்கள். நான் கேலி செய்யவில்லை. நாங்கள் பத்து நாள் இருந்தோம், அவர்கள் ஒரு நாள் இருக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019-இல் மத்திய அரசு பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. அதாவது தோட்டத்தையும் அடுப்பையும் மறுபடி ஒன்று சேர்க்கப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் எல்லோரும் படித்தவர்கள்தானே!

மத்திய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி. நூறு பிள்ளைகளுக்கு 5 கிலோ. வருஷத்தில் 200 நாள் என்று வைத்தால் 1,000 கிலோ. பள்ளியில் கிடைக்கும் இடம் ஐந்து சென்ட் என்று வையுங்கள், அதுவே தாராளம். எக்டேருக்கு 20 டன் எடுக்கும் கைதேர்ந்த விவசாயி அதில் ஒரு போகத்துக்கு 400 கிலோ எடுப்பார். பள்ளிப் பிள்ளைகளும் வாத்தியாரும் அதில் பாதி எடுத்தால் மெச்ச வேண்டும். ஆக, காய்கறிக்குத் தோட்டத்தை நம்பினால் வாரத்தில் ஒரு நாள் சாம்பார்தான். ஆனால் கீரையும் முருங்கை இலையும் கறிவேப்பிலையும் வேறு ரகம். தினம் ஒரு கை கிள்ளிப் போட்டால் போதும், சோற்றின் குணமே மாறிவிடும். பெரியகுளத்துக்காரர்கள் கொடுத்த பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கிறது, வறட்சியும் தாங்கும். நாங்கள் 1982-இல் நட்ட தக்காளி, எங்கள் ஆசைக்கு நட்டது. அடுப்படியில் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்தது தண்ணீர். இங்குள்ள கோடையில் மே மாதம் பள்ளி மூடியிருக்கும். சரியாக அந்தச் சமயத்தில்தான் செடிக்குத் தண்ணீர் தேவை. தோட்டத்தைக் கொல்வது பூச்சி அல்ல, கோடை விடுமுறை. இந்தச் சின்ன உண்மையை எந்தத் திட்டக் கையேட்டின் முதல் பக்கத்திலாவது போட்டிருந்தால் எத்தனையோ உழைப்பு மிஞ்சியிருக்கும். போர்வெல் இருக்கிறதே என்பார்கள். எத்தனை அடிக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. தென்பெண்ணையோ நந்திமலையில் கிளம்பி, பெங்களூர்ப் பட்டணத்துக் கழிவையும் சேர்த்துக்கொண்டு, கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு வந்து சேருகிறது. அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் தின்னும் கீரைக்குப் பாய்ச்சலாமா என்று யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

இதைச் சமாளித்தவர்கள் இல்லாமல் இல்லை. தருமபுரி மாவட்டம் நாகர்கூடலில் வறண்ட நிலத்தை வாங்கிக் குடியேறிய ஒரு தம்பதியர் 2000-இல் தொடங்கிய 'புவிதம்' பள்ளியில், விவசாயமும் சமையலும் படிப்பின் பகுதியாகவே நடக்கின்றன. அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து கை வைக்கிறார்கள் என்பது முதல் வித்தியாசம். நடத்துகிறவர்கள் அங்கேயே குடியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. அரசுப் பள்ளியில் இந்த இரண்டும் எளிதல்ல. அதற்காக முடியாது என்று சொல்ல வரவில்லை.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். அந்த 1983 ஜூனில் நாங்கள் இருவரும் காய்ந்த பாத்தியைப் பார்த்து நின்றபோது, கொட்டகையிலிருந்து ஆயா வந்தார். "எல்லாம் போச்சு தம்பி. ஆடு பாதி, வெயில் பாதி" என்றார். பிறகு கையைப் பிடித்து அழைத்துப் போகாத குறையாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாத்திரம் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை, இடுப்பு உயரத்துக்குத் துளிர்த்து நின்றது. நாங்கள் ஊன்றியதில் ஒன்றே ஒன்று, தப்பித் தவறி அங்கே விழுந்திருக்கிறது. பள்ளி மூடியிருந்த மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஊட்டுக்குப் போற வழிதானே, ஒரு சொம்பு ஊத்திட்டுப் போவேன்" என்றார். அந்த அம்மாவுக்கு அன்று கிடைத்த சம்பளத்தை இங்கே எழுதக் கூசுகிறது.

பதினைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் பார்த்தேன். மரம் கொட்டகைக் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தது. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை கீரைக் குழம்பு என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

மூன்று வருஷம் முன்பு மறுபடி போனேன். காலைச் சிற்றுண்டித் திட்டம், 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்தது, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது. விடியற்காலையிலேயே மகளிர் குழுப் பெண்கள் அடுப்புப் பற்ற வைக்கிறார்கள். கொட்டகை போய்க் கட்டடம் வந்துவிட்டது. வகுப்பில் ஒடிசாப் பிள்ளைகள் நாலைந்து பேர், சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுடைய பிள்ளைகள், தமிழில் வாய்ப்பாடு சொன்னார்கள். எங்கள் முருங்கை இல்லை. ஏதோ ஒரு காற்றில் முறிந்துவிட்டதாம். ஆனால் மதிலோரம், கழுவு தண்ணீர் போகும் வாய்க்காலில் வரிசையாக மூன்று முருங்கை நின்றன.

சமையலறையிலிருந்த பெண்ணிடம், "இது யாரும்மா வெச்சது?" என்றேன்.

"எனக்கு முன்னாடி இருந்த ஆயா போத்து ஒடிச்சு வெச்சாங்களாம் சார். அவங்க ரிட்டயர் ஆகிப் போய்ட்டாங்க."

முகாமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பள்ளிக்கு ஏதாவது செய்வதென்றால் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டேன். நான் சொட்டுநீர்க் குழாய், நிழல்வலை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கறிவேப்பிலை சார். தினம் காசு கொடுத்து வாங்கறோம். ரெண்டு செடி வெச்சுக் குடுத்தா லீவுல நாங்களே தண்ணி ஊத்திக்குவோம்."

நம் பொதுக்குழுத் தீர்மானத்தில் பதினெட்டு வகைக் காய்கறி விதைகளின் பட்டியல் இருக்கிறது. கறிவேப்பிலை அதில் இல்லை. சேர்த்துக்கொள்ளும்படி செயலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.